மேலுரம் போடுவதா, வேண்டாமா? யீல்ட் பிராஃபெட்: பயிர் சாகுபடியில் ஒரு டிஜிட்டல் ட்வின், ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மாலி, விம்மெரா என்று இரண்டு பகுதிகள் இருக்கின்றன. அங்கே கோதுமை கிட்டத்தட்ட எல்லாமே மானாவாரிதான். ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் விதைப்பார்கள், குளிர்கால மழையில் பயிர் வளரும், நவம்பர் டிசம்பரில் அறுவடை. நடுவில், ஜூலை ஆகஸ்ட் வாக்கில், தூர் கட்டி முடித்த பயிர் தண்டு நீள ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு கேள்வி வந்து நிற்கும். மேலுரமாக யூரியா போடலாமா, போட்டால் எவ்வளவு?

சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் இது போன்ற கேள்விகளுக்காகத்தான் 2000களின் தொடக்கத்தில் பிர்ச்சிப் கிராப்பிங் குரூப் என்ற விவசாயிகள் சார்ந்த அமைப்பும் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து யீல்ட் பிராஃபெட் என்ற இணையச் சேவையைக் கட்டினார்கள். விவசாயத்தில் டிஜிட்டல் ட்வின், அதாவது நிஜப் பொருளோடு சேர்ந்து நகரும் கணினிப் பிரதி, என்ற பேச்சே அன்று கிடையாது. இருந்தாலும் இன்று அந்தப் பெயரில் விற்கப்படும் பல பளபளப்பான தளங்களைவிட இது அந்தக் கருத்துக்கு நெருக்கமாக இருந்தது என்பது என் எண்ணம். அதனால்தான் புதிதாக வந்த ஒன்றை விட்டுவிட்டு இந்தப் பழைய திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். போதுமான காலம் ஓடியிருக்கிறது, எங்கே பிடித்தது எங்கே வழுக்கியது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

கேள்வி ஏன் கஷ்டமானது

தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் மகசூல் குறையும், அது எல்லாருக்கும் தெரியும். மானாவாரிக் கோதுமையில் தழைச்சத்து கூடினாலும் மகசூல் குறையும், சிக்கலே அங்கேதான். ஆரம்பத்தில் நிறையக் கிடைத்த தழைச்சத்தில் பயிர் பச்சைப்பசேல் என்று கிளம்பும், தூர்கள் அதிகமாகும், இலைப்பரப்பு பெருகும், அத்தனை இலையும் மண்ணில் இருக்கும் ஈரத்தை வேகமாகக் குடித்துத் தீர்க்கும். கதிர் வந்து மணி பால் பிடிக்கும் நேரத்தில் வேருக்குக் கீழே ஒன்றும் மிச்சமிருக்காது. மணி சுருங்கிப்போகும், எடை குறையும், புரதம் மட்டும் அதிகமாக இருக்கும். அங்கே இதை ஹேயிங் ஆஃப் என்பார்கள். வயல் பார்க்க அழகாக இருந்த வருடத்தில் உரமே போடாத பக்கத்து வயல் அதிகம் கொடுத்துவிட்டுப் போகும்.

ஆக, எவ்வளவு உரம் என்பது எவ்வளவு தண்ணீர் என்பதைப் பொறுத்தது. அந்தத் தண்ணீரில் பாதி ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. மீதி இன்னும் பெய்யவே இல்லை. முடிவை மட்டும் இன்றே எடுக்க வேண்டும், ஏனென்றால் தண்டு நீட்சிப் பருவம் தாண்டினால் போடும் உரத்தில் மகசூலுக்குப் போகும் பங்கு குறைந்துகொண்டே வரும். இந்தத் திட்டம் வளர்ந்த வருடங்கள் வேறு மோசமானவை. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவை 2009 வரை வாட்டிய மில்லேனியம் வறட்சியின் நடுக்காலம் அது, 2002ம் 2006ம் கடுமையான வருடங்கள். அப்படிப்பட்ட காலத்தில் 'போடாதே' என்று சொல்லத் தெரிந்த கருவிக்குத்தான் மதிப்பு.

இது ட்வின்தானா?

டிஜிட்டல் ட்வின் என்ற கருத்துக்கு வேர் தொழிற்சாலைப் பக்கம். மைக்கேல் கிரீவ்ஸ் 2002ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், ஒரு பொருளும் அதன் கணினிப் பிரதியும் தகவலால் இணைந்தே வாழ வேண்டும் என்று விளக்கினார். அதை விண்கலங்களுக்கு எடுத்துக்கொண்டது நாசா. 2018ல் கிரிட்சிங்கரும் அவர் கூட்டாளிகளும் ஒரு பிரிவினை செய்தார்கள், அது எனக்குப் பிடிக்கும்: தகவலைக் கையால் போட்டால் அது வெறும் மாதிரி (மாடல்), நிஜத்திலிருந்து தகவல் தானாக வந்தால் நிழல், தானாக வந்து, முடிவும் தானாக நிஜத்துக்குத் திரும்பிப் போனால்தான் ட்வின்.

இந்த அளவுகோலை அப்படியே வைத்தால் யீல்ட் பிராஃபெட் மாதிரிக்கும் நிழலுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். வானிலை பக்கத்து வானிலை நிலையத்திலிருந்து வரும், வயலின் மழை விவசாயி மழைமானியைப் பார்த்துத் தட்டச்சு செய்வது, முடிவை நிறைவேற்றுவது விவசாயியின் டிராக்டர். ஆனால் அதே அளவுகோலை வைத்தால் திறந்த வெளிச் சாகுபடியில் ட்வின் என்று பேர் வைத்திருக்கும் பெரும்பாலானவை தேறாது. வயலில் திரும்பிப் போகும் அம்பு விவசாயியின் தலை வழியாகத்தான் போக வேண்டும், அது குறையும் இல்லை. நான் பார்ப்பது வேறு: குறிப்பிட்ட இந்த வயலுக்கென்று ஒரு பிரதி, பருவம் முழுக்க வயலோடு சேர்ந்து நகர்கிறதா, 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்' என்று கேட்டால் பதில் சொல்கிறதா? இரண்டுக்கும் இங்கே ஆம்.

உள்ளே என்ன ஓடுகிறது

எஞ்சின் ஆப்சிம். 1990களில் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பயிர் மாதிரி. நாள்தோறும் ஒரு கணக்கு: இன்றைய வெயில், வெப்பம், மழை, அதில் இலை எவ்வளவு விரிந்தது, வேர் எந்த அடுக்குக்கு இறங்கியது, எந்த அடுக்கிலிருந்து எவ்வளவு ஈரம் எடுத்தது, மண்ணின் கரிமப் பொருள் மக்கி எவ்வளவு தழைச்சத்து வெளிவந்தது. இரகம், விதைத்த தேதி, பயிர் அடர்த்தி, போட்ட உரம் எல்லாம் வயலின் சொந்தத் தகவல்.

இதில் புத்திசாலித்தனமான வேலை எதிர்காலத்தைக் கையாண்ட விதம். இன்று வரை நிஜ வானிலையை வைத்து மாதிரியை ஓட்டுவார்கள். இன்றிலிருந்து அறுவடை வரைக்கும் என்ன பெய்யும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் கடந்த காலத்தின் ஒவ்வொரு வருடத்து வானிலையையும் எடுத்து மீதிப் பருவத்தில் ஒட்டி ஒட்டி ஓட்டுவார்கள். ஆஸ்திரேலியாவில் சைலோ என்ற வானிலைத் தரவுத்தளம் 1889 முதல் தினசரிப் பதிவு வைத்திருக்கிறது. அதனால் நூறு வால்கள், அதாவது மீதிப் பருவத்துக்கு நூறு விதமான வானிலை கிடைக்கும், நூறு மகசூல் கிடைக்கும். விவசாயியிடம் போவது ஒற்றை எண்ணாக இருக்காது. நூறில் எத்தனை வருடங்களில் 2 டன்னைத் தாண்டும், எத்தனையில் 4 டன்னைத் தாண்டும் என்ற வளைகோடு போகும்.

அப்புறம் ஒரே வரைபடத்தில் இரண்டு வளைகோடுகள். ஒன்று, இருக்கும் தண்ணீர் இருக்கும் தழைச்சத்து இரண்டையும் வைத்து. இன்னொன்று, அதே தண்ணீர், தழைச்சத்துக்குத் தட்டுப்பாடே இல்லை என்று வைத்து. இரண்டும் ஒட்டிக்கொண்டு போனால் உரம் போடுவது வீண். வலது பக்கம், அதாவது நல்ல மழை வருடங்களில் மட்டும் பிரிந்தால், நல்ல மழை வரும் என்று பந்தயம் கட்டுபவருக்கு மட்டும் உரம் பயன்படும். முழு நீளத்துக்கும் பிரிந்திருந்தால் யோசிக்காமல் போடலாம். இந்த ஒரு படத்துக்காகவே அந்தச் சேவையை நான் மெச்சுவேன், கேட்ட கேள்விக்கு நேராக அது பதில் சொல்கிறது.

ஒரு கணக்கு

ஆப்சிமை இங்கே ஓட்டிக் காட்ட முடியாது. அதற்குப் பதிலாக அந்த ஊர் விவசாயிகளும் ஆலோசகர்களும் வாய்ப்பாடு போல வைத்திருக்கும் இரண்டு விதிகளைப் பயன்படுத்துகிறேன். முதலாவது 1984ல் ஃபிரெஞ்ச், ஷூல்ட்ஸ் என்ற இருவர் வெளியிட்டது: பருவத்துக்குக் கிடைத்த மொத்தத் தண்ணீரில் சுமார் 110 மில்லிமீட்டர் மண்ணிலிருந்து ஆவியாகப் போய்விடும், மீதி ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எக்டேருக்கு அதிகபட்சம் 20 கிலோ கோதுமை. இரண்டாவது, ஒரு டன் மணிக்கு மண்ணில் சுமார் 40 கிலோ தழைச்சத்து இருக்க வேண்டும், பயிர் அதில் பாதியைத்தான் மணியில் சேர்க்கும் என்ற அனுமானத்தோடு.

கீழே வருபவை கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், எந்த வயலின் பதிவும் கிடையாது. விதைப்புக்கு முன் சேமித்த ஈரத்தையும் பருவ மழையையும் சேர்த்து, வறண்ட வருடங்களில் 185 மில்லிமீட்டர், நடுத்தர வருடங்களில் 260, ஈரமான வருடங்களில் 335 கிடைக்கும் என்று வைப்போம். மகசூல் முறையே 1.5, 3, 4.5 டன். தேவைப்படும் தழைச்சத்து 60, 120, 180 கிலோ. விதைக்கும்போது மண்ணில் இருந்ததும் பருவத்தில் மக்கி வெளிவருவதும் சேர்த்து 90 கிலோ இருக்கிறது. அப்படியென்றால் வறண்ட வருடத்தில் இருப்பதே கூடுதல். நடுத்தர வருடத்தில் 30 கிலோ பற்றாக்குறை, யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, ஆக 65 கிலோ யூரியா. ஈரமான வருடத்தில் 90 கிலோ பற்றாக்குறை, கிட்டத்தட்ட 195 கிலோ யூரியா. சராசரியை நம்பி 65 கிலோ போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இப்போது ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவோம். விதைப்பின்போது மண்ணுக்குள் இருப்பதாக நினைத்த ஈரத்தில் 30 மில்லிமீட்டர் குறைவு. அவ்வளவுதான். மூன்று மகசூலும் 600 கிலோ வீதம் இறங்கி 0.9, 2.4, 3.9 டன் ஆகும், தேவை 36, 96, 156 கிலோ. நடுத்தர வருடத்தின் பற்றாக்குறை 30லிருந்து 6 கிலோவுக்கு வந்துவிட்டது. டிராக்டரை எடுக்கவே தேவையில்லை. பயிர் மாதிரி அதே, வானிலைப் பதிவு அதே, முடிவு மட்டும் தலைகீழ். 30 மில்லிமீட்டர் என்பதோ ஒரு மீட்டருக்கு மேல் வேர் இறங்கும் மண்ணில் கண்ணால் பார்த்தோ மண்வெட்டியால் கொத்திப் பார்த்தோ சொல்லக்கூடிய வித்தியாசம் கிடையாது.

மண்ணைத் தோண்டினார்கள்

அதனால்தான் இந்தத் திட்டத்தில் மென்பொருளைவிட மண் துளைக்கும் குழாய்க்கு முக்கியத்துவம் அதிகம். விதைப்புக்கு முன் வயலில் ஆழமாகத் துளையிட்டு அடுக்கு அடுக்காக மண் எடுப்பார்கள். ஈர எடை பார்த்து, 105 டிகிரி சூட்டில் உலர்த்தி, மறுபடி எடை பார்த்து, மண்ணின் அடர்த்தியாலும் அடுக்கின் தடிமனாலும் பெருக்கினால் அந்த அடுக்கில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் என்று வரும். பழைய முறைதான், மெதுவான முறைதான், ஆனால் ஏமாற்றாது. கூடவே நைட்ரேட், குளோரைடு, உப்புத்தன்மை எல்லாம் ஆய்வகத்துக்குப் போகும்.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது பாதிக் கதை. அதில் பயிர் எவ்வளவு எடுக்க முடியும் என்பது மீதி. இதற்கு ஒவ்வொரு மண்ணுக்கும் இரண்டு எல்லைகள் வேண்டும். மேல் எல்லையைக் கண்டுபிடிக்க, வயலில் ஒரு சிறு பாத்தியை நன்றாக நனைத்து, ஆவியாகாமல் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, வடிய வேண்டியது வடியும் வரை விட்டு அளப்பார்கள். மணல் சில நாளில் வடிந்துவிடும், களிமண் வாரக்கணக்கில் இழுக்கும். கீழ் எல்லைக்கு வேடிக்கையான ஒரு ஏற்பாடு: பூக்கும் பருவத்தில் பயிர் மேல் மழை படாமல் ஒரு கூடாரம் போட்டு, உள்ளே இருக்கும் ஈரத்தை மட்டும் வைத்து முற்ற விட்டு, பயிர் உறிஞ்ச முடிந்ததை எல்லாம் உறிஞ்சிய பிறகு மிச்சம் எவ்வளவு என்று அளப்பார்கள். ஆய்வகத்து அழுத்தக் கருவி சொல்லும் வாடல் நிலையை எடுத்துக்கொள்ளாமல் பயிரையே கேட்கும் முறை இது. ஏன் இந்தச் சிரமம் என்றால், மாலி மண்ணின் அடி அடுக்குகளில் பல இடங்களில் உப்பும் போரானும் அதிகம். அங்கே தண்ணீர் இருக்கும், ஆனால் வேர் அதைத் தொடாது. சென்சார் ஈரம் காட்டும், பயிர் வாடும். இந்தப் பாடம் தெரியாமல் ஈரமானியை மட்டும் நட்டு வைத்து 'நேரடித் தரவு' என்று பெருமைப்படும் திட்டங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தீராத ஒரு சங்கடமும் உண்டு. மாலியில் நிலம் மணல் மேடும் களிமண் தாழ்வுமாக மாறி மாறிக் கிடக்கும், ஒரே வயலுக்குள்ளேயே. அப்புறம் பிரதி எந்த இடத்துக்கு? மேட்டுக்கா, தாழ்வுக்கா? இரண்டையும் சராசரி எடுத்துச் செய்த மண் உலகத்தில் எங்கேயும் இல்லை. வயலின் பெரும் பகுதியைக் குறிக்கும் இடத்தில் துளையிட்டு, மற்றதை அனுபவத்தால் சரிக்கட்டுவதுதான் நடைமுறை. மேட்டுக்கு ஒன்று தாழ்வுக்கு ஒன்று என்று தனித்தனிப் பிரதி வைத்துக்கொள்வது சரியான வழி, ஆனால் துளையிடும் வேலையும் அதற்கேற்பப் பெருகும்.

விவசாயிகள் இதை வைத்து என்ன செய்தார்கள்

யீல்ட் பிராஃபெட்டுக்கு முன்கதை ஒன்று உண்டு. 1990களில் குயின்ஸ்லாந்து பக்கம் ஃபார்ம்ஸ்கேப் என்ற திட்டத்தில் சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த மெக்கவுன், கார்பெர்ரி, ஹோக்மன் போன்றவர்கள் விவசாயிகளோடு உட்கார்ந்தார்கள். அதுவரை விவசாயத்துக்கு எழுதிய முடிவு-ஆதரவு மென்பொருட்களில் பெரும்பாலானவை பெட்டியிலேயே கிடந்தன, யாரும் பயன்படுத்தவில்லை. ஏன் என்று மெக்கவுன் தோண்டித் துருவி எழுதியிருக்கிறார். அதை என் வார்த்தையில் சொன்னால், நிபுணர் தன் தலையில் இருப்பதைப் பெட்டியில் அடைத்து விவசாயியிடம் கொடுத்து 'இதன்படி செய்' என்றார், விவசாயியோ தன் நிலத்தைத் தானே நிர்வகிக்கும் மனிதர், அவருக்கு இன்னொரு முதலாளி தேவைப்படவில்லை.

ஃபார்ம்ஸ்கேப்பில் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். விவசாயியின் சொந்த மண்ணில் துளையிட்டு, அதே மண்ணை மாதிரிக்குள் வைத்து, 'சரி, பத்து நாள் முன்னால் விதைத்திருந்தால்?', 'அந்த வருடம் இவ்வளவு உரம் போட்டிருந்தால்?' என்று கூடிப் பேசினார்கள். தன் வயலில் நடந்த பழைய வருடங்களை மாதிரி ஓரளவு சரியாகச் சொன்னபோது நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வந்த பிறகுதான் வருங்காலத்தைப் பற்றிக் கேட்கவே ஆரம்பித்தார்கள். யீல்ட் பிராஃபெட் இந்த உரையாடலை இணையத்தில் ஏற்றி, விஞ்ஞானி பக்கத்தில் இல்லாமலேயே நடக்கும்படி செய்த முயற்சி. பல இடங்களில் விஞ்ஞானியின் நாற்காலியில் ஆலோசகர் வந்து உட்கார்ந்தார், அது நன்றாகவே வேலை செய்தது.

2011ல் ஹோக்மனும் கார்பெர்ரியும் எழுதிய ஒரு கட்டுரை, இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒத்துக்கொண்ட சில விஷயங்களைச் சொல்கிறது. அதில் முக்கியமானது: இப்படிப்பட்ட கருவி விவசாயியின் உள்ளுணர்வைப் பழக்க வேண்டும், அந்த இடத்தில் தன் பரிந்துரையை வைக்கக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்குள் ஒரு வியாபாரச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. நான்கைந்து பருவம் வளைகோடுகளைப் பார்த்த விவசாயிக்கு, 'விதைப்பில் இவ்வளவு ஈரம், ஜூலை வரை இவ்வளவு மழை என்றால் என் களிமண் வயலுக்கு இது போதும்' என்பது மனப்பாடம் ஆகிவிடும். அவருக்கு வாராவாரம் அறிக்கை எதற்கு? கற்றுக்கொடுப்பதில் வென்ற கருவி சந்தாதாரரை இழக்கும். சந்தாதாரரை இழக்கக் கூடாது என்று கட்டிய கருவி கற்றுக்கொடுக்காது, தினமும் எதையாவது அறிவித்துக்கொண்டே இருக்கும். இன்றைக்கு வரும் பல வேளாண் செயலிகள் இரண்டாவது வகை என்று எனக்குச் சந்தேகம்.

மாதிரி பார்க்காதவை

யீல்ட் பிராஃபெட் ஓட்டும் ஆப்சிம் கணக்கில் களை கிடையாது, துரு நோய் கிடையாது, எலிக்கூட்டம் கிடையாது. மாலியில் சில வருடங்களில் எலி படையெடுப்பது போல வரும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பனியும் அனலும் பூக்கும் நேரத்தில் தாக்கும் அபாயத்தை அறிக்கை எச்சரிக்கையாகக் காட்டும், விதைக்கும் தேதியையும் இரகத்தையும் தேர்ந்தெடுக்க அது உதவும். மற்றபடி மாதிரி சொல்லும் மகசூல் என்பது தண்ணீரும் தழைச்சத்தும் மட்டும் தடையாக இருந்தால் கிடைக்கக்கூடியது.

இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது பயனுள்ள குறை. பிரதியும் வயலும் ஒத்துப்போகாத இடத்தில் மாதிரிக்குத் தெரியாத ஏதோ ஒன்று நடக்கிறது என்று அர்த்தம், வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பது இயல்பான சத்தத்தை ரசிப்பதற்காகவா? அது மாதிரிதான். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை, பிரதியை அவசரப்பட்டுத் திருத்தாமல் இருக்க வேண்டும். அங்கேதான் இன்றைய தொழில்நுட்பத்தில் ஒரு பொறி இருக்கிறது.

இன்று கட்டினால்

யீல்ட் பிராஃபெட் தொடங்கியபோது இல்லாத பல வசதிகள் இப்போது உண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களில் முதலாவது 2015லும் இரண்டாவது 2017லும் ஏறின. இந்த வரிசைச் செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் துல்லியத்தில், உலகத்தின் எந்த வயலையும் படம் பிடிக்கின்றன, படமும் இலவசம். மேகம் இருந்தால் தெரியாது, அது வேறு விஷயம். அந்தப் படத்திலிருந்து இலைப்பரப்பைக் கணக்கிட்டு மாதிரிக்குள் செலுத்தலாம். அதற்கு அதிகம் பயன்படும் உத்தி, எவென்சன் 1994ல் முன்வைத்த குழும கால்மன் வடிகட்டி. ஒரே பிரதிக்குப் பதில் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட பல பிரதிகளை ஒன்றாக ஓட்டி, புதுப் படம் வரும்போதெல்லாம் மாதிரியின் நம்பகத்தையும் படத்தின் நம்பகத்தையும் எடை போட்டு எல்லாவற்றையும் கொஞ்சம் நகர்த்துவார்கள்.

எழுதும்போது எளிது. வயலில் இலைப்பரப்பு மாதிரி சொன்னதைவிடக் குறைவாக இருக்கிறது என்று செயற்கைக்கோள் சொன்னால், காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறையா, தழைச்சத்துப் பற்றாக்குறையா, விதை சரியாக முளைக்கவில்லையா, நோயா? படத்துக்குத் தெரியாது. வடிகட்டி தன்னிடம் இருக்கும் நிலைகளில், அதாவது ஈரம், தழைச்சத்து போன்ற எண்களில், எதையாவது நகர்த்தியாக வேண்டும், நோயால் குறைந்த இலைக்கு மண் ஈரத்தைக் குறைத்து ஈடுகட்டும். திரையில் வளைகோடு வயலோடு அழகாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஈரக்கணக்கு பொய்யாகியிருக்கும், அதை வைத்து எடுக்கும் மேலுர முடிவும் பொய். மேலே சொன்ன 30 மில்லிமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒரு ட்வின் வயலோடு எவ்வளவு நெருக்கமாக ஒட்டுகிறது என்று காட்டும் வரைபடம் என்னை அவ்வளவாக நம்பவைக்காது. எந்த நிலையை, எந்தக் காரணத்தால் நகர்த்தினாய் என்று அது சொல்ல வேண்டும்.

மண் ஈரத்தையே விண்ணிலிருந்து பார்க்கலாமே என்றால், நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோள் மேல் 5 சென்டிமீட்டரை மட்டும்தான் பார்க்கிறது, அதுவும் பல கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு எண். விதை முளைக்குமா என்று பார்க்க உதவலாம், மணி பிடிக்க ஒரு மீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு இன்னமும் துளையிடும் குழாய்தான். வயலில் நடும் மின்தேக்க ஈரமானிகள் நல்லவை, தொடர்ச்சியாகச் சொல்கின்றன, ஆனால் ஒரு புள்ளியை மட்டும், உப்பு மண்ணில் வாசிப்பு பிசகவும் செய்யும்.

மாதிரி ஒன்றை மட்டும் நம்பலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. ஆசெங்கும் பலரும் 2013ல் 27 கோதுமை மாதிரிகளை ஒரே தரவில் ஓட்டிப் பார்த்தார்கள். வெப்பம் கூடும்போது மாதிரிகள் ஒன்றுக்கொன்று நிறையவே விலகின. பல மாதிரிகளின் நடுமதிப்பு பெரும்பாலும் தனி மாதிரிகளைவிட நம்பகமாக இருப்பதும் இத்தகைய ஒப்பீடுகளில் தெரிந்தது. நடைமுறையில் ஒரு விவசாயிக்கு 27 மாதிரிகளை யாரும் ஓட்டித் தரப்போவதில்லை. இரண்டு மூன்று இருந்தாலே, அவை ஒத்துப்போகாத வருடத்தில் கை தயங்கும், அந்தத் தயக்கம் நல்லது.

கண்ணாடிக் கூரைக்குக் கீழே கதை வேறு

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் 2018ல் பிளைஸ்விக் என்ற ஊரில் ஒரு போட்டி நடத்தியது. ஐந்து அணிகள், ஆளுக்கு 96 சதுர மீட்டர் பசுமைக்குடில், உள்ளே வெள்ளரி. தட்பவெப்பத்தையும் நீரையும் தொலைவிலிருந்து மென்பொருளால் ஓட்ட வேண்டும். பக்கத்திலேயே அனுபவசாலி விவசாயிகள் ஒரு குடிலை நடத்தினார்கள். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்களின் சோனோமா அணி அந்த விவசாயிகளை நிகர லாபத்தில் முந்திவிட்டது. திறந்த வயலுக்கு இதிலிருந்து அதிகம் எடுத்துக்கொள்ள முடியாது. குடிலில் வெப்பம், நீர், கரியமில வாயு, விளக்கு எல்லாம் கையில் இருக்கிறது, முடிவு தப்பானால் ஒரு மணி நேரத்தில் திருத்தலாம். மானாவாரி வயலில் பருவத்துக்கு நான்கைந்து முடிவுகள்தான், பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ட்வின் நொடிக்கு நொடி ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஜூலை கடைசியில் ஒரு நாள் சரியாக இருந்தால் போதும்.

மதிப்பிடுவது எப்படி

பெரும்பாலான திட்ட அறிக்கைகள் மகசூலைக் கணித்ததில் எவ்வளவு பிழை என்று ஒரு எண் கொடுத்து முடித்துக்கொள்ளும். அந்த எண் தேவைதான், ஆனால் மேலுர முடிவுக்கு அது பாதி பதில்கூட இல்லை. 4 டன்னுக்கும் 5 டன்னுக்கும் நடுவில் தவறினாலும் 'போடு' என்ற முடிவு மாறாமல் இருக்கலாம், 1.8க்கும் 2.4க்கும் நடுவில் தவறினால் முடிவே புரண்டுவிடலாம். எந்த இடத்தில் பிழை என்பதைப் பொறுத்தது.

இன்னொரு குழப்பம். ஆகஸ்டில் வளைகோட்டைப் பார்த்து உரம் போடாமல் விட்டவருக்கு, செப்டம்பரில் மழை கொட்டி, பக்கத்து வயல் ஒரு டன் அதிகம் எடுத்தால், அவர் முடிவு தப்பா? நூறில் இருபது வருடங்களில்தான் அப்படி நடக்கும் என்று தெரிந்துதான் விட்டார், அந்த இருபதில் ஒன்று வந்துவிட்டது. இதைச் சண்டையில்லாமல் பேசுவதற்கு ஒரே வழி, முடிவெடுத்த நாளின் வளைகோட்டை அப்படியே சேமித்து வைப்பது. அறுவடைக்குப் பிறகு நிஜத்தில் பெய்த மழையை வைத்து மாதிரியை மறுபடி ஓட்ட வேண்டும். அப்போது மூன்று எண்கள் கையில் இருக்கும்: அன்று நினைத்தது, நிஜ வானிலையில் மாதிரி சொல்வது, வயல் கொடுத்தது. முதலிரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் வானத்தின் கணக்கு. பின்னிரண்டுக்கும் நடுவில் உள்ளது மண்ணைப் பற்றியோ பயிரைப் பற்றியோ நமக்குத் தெரியாமல் போனது. அது வருடா வருடம் ஒரே திசையில் விழுந்தால் அடுத்த விதைப்புக்கு முன் அந்த வயலில் குழி தோண்டி, அடி மண்ணின் உப்பைக் காட்டும் குளோரைடைப் பார்த்துவிட வேண்டும்.